வரைபடத்தில் மட்டும் இருக்கும் பள்ளிக்கூடம்

சென்னைப் புறநகரிலோ, கோவை, மதுரை, திருச்சியைச் சுற்றியோ இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட பெரிய மனைப்பிரிவு ஒன்றின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். எண் போட்ட மனைகளுக்கு நடுவே பூங்கா என்று ஒரு கட்டம், கடைகள் என்று ஒரு கட்டம், பள்ளி என்று சற்றே பெரிய கட்டம் ஒன்று இருக்கும். வரைபடத்தை மடித்துவிட்டு நேரில் போனால், பள்ளிக் கட்டம் இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான் நிற்கும். குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டங்களில் அந்த இடத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை வருடம் வராத பள்ளி இனிமேலா வரப்போகிறது, பேசாமல் நில உபயோகத்தை மாற்றி வீட்டு மனையாக்கிவிட்டால் என்ன? இதைக் கேட்பவர்கள் எல்லோரும் தரகர்கள் அல்லர். வாடகை கொடுத்தே ஓய்ந்துபோனவர்களும், பக்கத்து மனையில் பாம்புக்குப் பயந்து சாயங்காலமே கதவடைப்பவர்களும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் புனிதமானது என்ற உணர்ச்சியையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் கணக்காகவே பார்த்தாலும், அதற்கான பதில் ‘கூடாது’ என்பதாகவே இருக்க வேண்டும்.

அந்த நிலம் யாருடையது என்பதிலிருந்து தொடங்குவோம். மனைப்பிரிவு போட்டவர் பள்ளிக்கென்று ஒரு ஏக்கரைத் தர்ம காரியமாக விடவில்லை. அனுமதி கிடைப்பதற்காக விட்டார். விட்டதைக் காட்டியே மற்ற மனைகளை விற்றார். பள்ளி, பூங்கா வசதியுடன் என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்தால் சதுர அடிக்கு என்ன கூடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே மனை வாங்கியவர் தன் பெயரில் கிரயமான 1,200 சதுர அடிக்கு மட்டும் பணம் கட்டவில்லை, அந்தப் பொதுக் கட்டத்துக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறார். அதையே பின்னாளில் மனையாகப் பிரித்து விற்பது, விற்ற பொருளை இரண்டாம் முறை விற்பதுதான். உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இப்படித்தான் பார்த்திருக்கிறது. மனைப்பிரிவு ஒன்றில் பூங்காவுக்கும் பள்ளிக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களை இலவசமாகத் தன் பெயருக்கு மாற்றித் தரவேண்டும் என்று டெல்லி மாநகராட்சி நிபந்தனை விதித்த வழக்கு 1990-களின் நடுவில் அங்கே முடிவானது. சட்டம் இடம் தராதபோது நிலத்தின் உரிமையை மாநகராட்சி இலவசமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். கூடவே, இடத்தை இப்படி ஒதுக்கியபின் உரிமையாளரும் முழு உரிமையாளராக நீடிப்பதில்லை, அறங்காவலரைப் போலப் பொதுநன்மைக்காகவே அதை வைத்திருக்கிறார் என்றும் சொன்னது. பட்டா அவர் பெயரில் இருக்கலாம், பயன் ஊருக்கு. வழக்கில் மாநகராட்சி தோற்றது என்பதை மட்டும் சொல்லிப் பிற்பாதியை விட்டுவிடும் மனைப்பிரிவு உரிமையாளர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கலாம்.

1991-இல் பெங்களூரு வழக்கொன்றிலும் தீர்ப்பு வந்தது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு என்று இருந்த இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்குக் கொடுத்துவிட்டார்கள். முதலமைச்சரே சொல்லி நடந்த ஒதுக்கீடு அது. மருத்துவமனையும் பொதுநலன்தானே என்ற வாதம் எடுபடவில்லை. ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. எதிர்த்து வழக்குப் போட அப்பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதையும் ஏற்றது. மருத்துவமனைக்கே கிடைக்காத சலுகையை வீட்டு மனை கேட்கிறது.

இனி, தேவை இல்லை என்ற வாதத்துக்கு வருவோம். மாற்றம் கேட்டு வரும் மனுக்களில் தவறாமல் இடம்பெறும் வரி ஒன்று உண்டு: இப்பகுதியில் பள்ளி வயதுக் குழந்தைகள் போதுமான அளவில் இல்லை. இதை எப்போது எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். நம் ஊரில் மனை வாங்குகிறவர் மறுவாரம் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. மகள் கல்யாணத்துக்கு, மகன் படிப்புக்கு, பணி ஓய்வுக்குப் பிறகு என்று வாங்கிப் போடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி பெயரில் வாங்கி மறந்தும் போகிறார். மனைப்பிரிவு போட்டுப் பதினைந்து வருடம் கழித்தும் பாதி மனைகளில் கல் மட்டுமே நட்டிருப்பதை எந்தப் புறநகரிலும் பார்க்கலாம். வீடே வராத இடத்தில் குழந்தைகளை எண்ணிவிட்டுப் பள்ளி வேண்டாம் என்பது, நாற்று நடும் முன்பே வயலைப் பார்த்து விளைச்சல் இல்லை என்று சொல்வதற்குச் சமம். பிறகு ஒரு மெட்ரோ பாதை அறிவிப்போ புறவழிச் சாலையோ வரும்; ஐந்தே வருடத்தில் மீதி மனைகளும் நிறைந்துவிடும். அப்போது பள்ளிக்கு இடம் தேடினால் ஒரு ஏக்கர் ஒரே துண்டாக எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் அந்த விலைக்கு எந்தத் துறை வாங்கும்?

வீட்டுவசதி வாரியத் திட்டங்களில் இதே வாதம் வேறொரு வேடத்தில் வரும். அங்கே பள்ளிக்கென ஒதுக்கிய மனைகளையும் ஏலத்தில் விற்பது வழக்கம். விளம்பரம் கொடுத்தோம், கேட்க ஆள் வரவில்லை, ஆகவே தேவையில்லை என்று கோப்பு எழுதப்படுமானால் அந்த முடிவு சந்தேகத்துக்குரியது. சந்தை விலையில் ஏலம் கேட்கும் சக்தி பெரிய கல்வி நிறுவனங்களுக்குத்தான் உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளி எந்த ஏலத்தில் கை தூக்கும்?

இடம் இல்லாமல் பள்ளி நடத்தினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டார்கள். நெருக்கடியான தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், மேலே கூரை வேய்ந்த வகுப்பறைகள், இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் தனியார் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிலம் எவ்வளவு என்ற வரையறை கறாரானது: மாநகராட்சியில் 6 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர் என்று. விதி வந்தது, நிலம் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 700-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அந்த அளவை எட்ட முடியாமல் ஆண்டுக்கு ஆண்டு தற்காலிக அங்கீகாரத்திலேயே காலம் தள்ளின. விதியைத் தளர்த்துவதா, பள்ளிகளை மூடுவதா என்று அரசும் நீதிமன்றமும் மாறிமாறி விவாதித்தன. ஒரு பக்கம் நிலம் போதாத பள்ளிகள். இன்னொரு பக்கம் பள்ளிக்கென்றே ஒதுக்கிவைத்து முள் மண்டிக் கிடக்கும் நிலங்கள். இரண்டையும் ஒரே மாநிலத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவதை விற்றுவிடலாம் என்று யோசிப்பது விசித்திரம்தான்.

அரசுப் பள்ளிகளின் நிலையும் வேறல்ல. 2024 ஜனவரியில் மதுரை அருகே கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் என்ற வங்கி ஊழியர் தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசு நடுநிலைப் பள்ளிக்கு எழுதிவைத்தார். மறைந்த மகளின் நினைவாகக் கொடுத்தார். அந்தப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க அந்த நிலம் தேவைப்பட்டது. அரசு அவருக்குக் குடியரசு நாளில் விருது கொடுத்துப் பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தச் செய்தியை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். தரம் உயர்த்த ஒரு பள்ளிக்கு ஒன்றரை ஏக்கர் வேண்டும், அதற்கு ஒரு தாய் தன் சொத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே அளவு நிலத்தை வரைபடத்தில் வைத்திருக்கும் நகர் அதை மனையாக்க மனுப் போட்டால், நாளை அங்கே பள்ளி வேண்டும் என்கிறவர்கள் எந்தத் தாயின் முன் போய் நிற்பார்கள்?

மாற்றுக் கருத்துகளில் வலுவானது பிறப்பு விகிதம் பற்றியது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை என்கிறது 2020-க்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருக்கிறது. இருக்கும் பள்ளிக்கே பிள்ளைகள் இல்லை, புதுப் பள்ளி எதற்கு என்று கேட்டால் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மாநிலச் சராசரி எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை. கிராமங்களிலும் பழைய நகர மையங்களிலும் பிள்ளைகள் குறைகிறார்கள் என்றால், இளம் குடும்பங்கள் அங்கிருந்து கிளம்பி எங்கோ போய்ச் சேர்கின்றன என்பதும் அதில் ஒரு பகுதி. அவை சேருமிடம் இந்தப் புறநகர் மனைப்பிரிவுகள்தான். சென்னை மயிலாப்பூரில் ஒரு வகுப்பறை காலியாவது, நகரின் விளிம்பில் ஒரு வகுப்பறை வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகாது. மேலும், பிறப்பு குறைவதை நம்பி நிலத்தை விற்கச் சொல்பவர்கள், அதே காரணத்தால் வீட்டுத் தேவையும் ஒருநாள் குறையும் என்பதை மட்டும் சொல்வதில்லை. விகிதம் விழுவது உண்மையானால், பொறுத்திருந்து பார்ப்பதில் என்ன நட்டம்? நிலம் அழுகிப் போகாது.

அடுத்தது வீட்டுத் தேவை. இதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கு மூன்றில் ஒரு பங்கு போனால், 1,200 சதுர அடி மனைகளாக இருபத்து நான்கு, இருபத்தைந்து தேறும். அடுக்குமாடியாகக் கட்டினால் எண்பது, தொண்ணூறு வீடுகள் வரலாம். புறநகரின் வீட்டுப் பஞ்சத்தில் அது ஒரு துளி. அந்தத் துளியும் வாடகை கொடுக்க முடியாதவர் கைக்குப் போகுமா என்றால், பொது ஏலத்தில் அதிக விலை கேட்டவருக்குத்தான் போகும். அவர் அதையும் வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறும்வரை காத்திருப்பார். மனைப்பிரிவில் ஏற்கெனவே கல் நட்டுக் கிடக்கும் பாதி மனைகள் தீர்க்காத பஞ்சத்தை இந்த இருபத்தைந்து தீர்க்குமா? தொண்ணூறு குடும்பம் குடியேறினால் அவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது இன்னொரு சங்கதி. தேவையைக் கூட்டிவிட்டு, தேவையை நிறைவேற்றும் இடத்தையும் எடுத்துவிடுகிறோம்.

வீடு மட்டும் கட்டினால் போதும், மற்றது தானாக வரும் என்ற நம்பிக்கையைச் சென்னை சோதித்துப் பார்த்தாயிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் ஏழைகளைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடங்களில் வீடுகள் முதலில் வந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் திட்டமிட்டவை இருபதாயிரத்துக்கும் மேல். பள்ளிகள் பின்னாலேயே வந்தன, அதுவும் போதுமான அளவில் வரவில்லை. நடுப்பருவத்தில் குடிபெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பழைய பள்ளிக்கே பேருந்தில் போய்வந்தார்கள், முடியாதவர்கள் நின்றுவிட்டார்கள். வீட்டைவிடப் பள்ளி முக்கியம் என்று இதற்கு அர்த்தமில்லை. பள்ளி இல்லாத வீடு பாதி வீடுதான் என்பதை அந்தக் குடும்பங்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டன.

இந்த இடத்தில், பள்ளி நிலத்தைக் காப்போம் என்று பதாகை பிடிப்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லோருடைய நோக்கமும் சுத்தமானதல்ல. காலியிடத்தில் ஏழைகளுக்கு அரசு அடுக்குமாடி வந்துவிடுமோ என்ற பயத்தில் திடீரென்று கல்வி மேல் அக்கறை வந்தவர்கள் உண்டு. நாளை உண்மையிலேயே பள்ளி வந்தால், காலையில் ஆட்டோ நெரிசல், பிரார்த்தனை மணிச் சத்தம் என்று முதலில் மனுக் கொடுப்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் தரப்பில் நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தவறான காரணத்துக்காகச் சிலர் சொல்வதாலேயே ஒரு வாதம் தவறாகிவிடாது. ஏழைகளுக்கு வீடு கட்டத்தான் அரசுக்கு இடம் வேண்டுமென்றால், வீடு வராத வெற்று மனைகளையும் வாரியத்திடம் விலைபோகாமல் கிடப்பவற்றையும் முதலில் பார்க்கட்டும்.

எல்லாப் பிள்ளைகளும் வேனில் ஏறிப் பெரிய பள்ளிக்குப் போகிறார்கள், பக்கத்தில் இருந்தால் மட்டும் சேர்க்கவா போகிறார்கள் என்பது இன்னொரு வாதம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் உயர் தொடக்க வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். வேனுக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்காக எழுதப்பட்ட விதி அல்ல அது. அந்த மனைப்பிரிவில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பிள்ளை, கட்டட வேலைக்கு வந்து அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கியவரின் பிள்ளை, வாடகை வீட்டு மாடியில் இருக்கும் ஓட்டுநரின் பிள்ளை ஆகியோருக்கானது. நலச்சங்கக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. மனை இல்லாததால் அவர்கள் உறுப்பினரும் அல்லர். வேனில் போகிறவர்கள்கூட விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா, பக்கத்தில் ஒன்றுமில்லாததால் போகிறார்களா என்பதைப் பள்ளியே இல்லாத ஊரில் தெரிந்துகொள்ள வழியில்லை.

நில உரிமையாளரின் குறைக்கு வருவோம். இதில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தானே மனைப்பிரிவு போட்டு, தானே பள்ளிக்கு ஒதுக்கி, அதைச் சொல்லி விற்றவர் ஒரு வகை. அவருக்குக் குறை எதுவும் இருக்க முடியாது. அரசின் திட்டம் ஒன்று தன் பூர்வீக நிலத்தின் மீது பள்ளி என்று எழுதிவிட்டுப் போனதால், வாங்கவும் ஆளில்லாமல் கட்டவும் அனுமதி கிடைக்காமல் தவிப்பவர் வேறு வகை. அவருக்கு நடப்பது அநியாயம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இதை யோசித்தே 38-ஆவது பிரிவை வைத்திருக்கிறது. அறிவிப்பு வெளியாகி 3 ஆண்டுக்குள் அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பை வெளியிடாமலும் பேசி வாங்காமலும் இருந்தால், நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். நியாயமான விதிதான். ஆனால் அதன் பலன், உரிமையாளர் நீதிமன்றம் போய் விடுதலை பெறுவதாகவும் ஊர் பள்ளியை இழப்பதாகவும் முடிகிறது. தூங்கிய துறைக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. இதற்கு மருந்து, அந்த மூன்று ஆண்டுக்குள் பணம் ஒதுக்கி நிலத்தை வாங்குவது. தாமதத்தைத் தானே செய்துவிட்டு, தாமதமாகிவிட்டதே என்று நில உபயோகத்தை மாற்றும் நிர்வாகம், தன் தப்பையே தனக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறது.

உண்மையிலேயே பள்ளி தேவைப்படாத இடங்கள் இருக்காதா? இருக்கும். எண்ணிப் பார்த்து, பத்து ஆண்டு முன்னோக்கிக் கணித்து, ஒரு கிலோமீட்டருக்குள் இடவசதியோடு அரசுப் பள்ளி இருக்கிறது என்பதும் உறுதியானால், அங்கே இன்னொன்று கட்டச் சொல்வது வீண். அப்போதும் நிலத்தை விற்கத் தேவையில்லை. சிங்கப்பூரில் மூடப்பட்ட பள்ளி வளாகங்களை அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டு இடைக்காலக் குத்தகைக்கு விடுகிறது. சில வளாகங்களில் வீடும் கட்டியிருக்கிறார்கள் என்பது சரிதான்; ஆனால் அங்கே வீடமைப்புக் கழக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகை. நிலம் அரசைவிட்டுப் போவதில்லை. நம் முறையில் மனையாகப் பிரித்துக் கிரயம் செய்தால், இருபத்தைந்து பட்டாக்களாக அது சிதறிவிடும். மறுபடி ஒட்டவைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அங்கன்வாடி, நூலகம், விளையாட்டுத் திடல், துணை சுகாதார நிலையம் என்று ஊருக்குத் தேவையானதைக் கட்டுங்கள். பள்ளி தேவைப்படும் காலம் வந்தால் அவற்றை நகர்த்தலாம், அல்லது பள்ளியோடு சேர்த்துவிடலாம். குடியிருந்துவிட்ட குடும்பங்களை நகர்த்த முடியாது. பாம்பு, குப்பை, இரவு நேரக் குடிகாரர்கள் பற்றிய புகாருக்கும் இதுவே பதில். நான்கு பக்கம் வேலி, ஒரு விளக்கு, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் இருந்தால் முட்செடி வளராது.

இந்த மாற்றங்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கின்றன. ஆட்சேபம் கேட்டு நாளிதழில் பொடி எழுத்தில் ஒரு விளம்பரம் வரும், கெடு முடியும், கோப்பு நகரும். உங்கள் பகுதியில் அந்த விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலையும், பள்ளிக்கென்று ஒதுக்கிய இடம் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டதா என்ற விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான். எழுதிக் கொடுக்கவில்லை என்று பதில் வந்தால், அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ அதைத் தீர்மானமாகப் போடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஓட்டுநரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.